பழைய வள்ளம் வாங்கும் கமக்காரருக்குச் சில யோசனைகள்

(முல்லைத்தீவுப் பகுதியிற் கூடிய கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நெல்லைப் பற்றியும், மிளகாய், வெங்காயம், கத்தரி முதலியவற்றைப் பற்றியும் உங்களோடு பேச வேண்டிய நான் இன்று வள்ளத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களிற் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆனால், நம்முடைய பகுதியில் வயலும் கடலும் ஒன்றையொன்று அடுத்துக் கிடக்கின்றன. கொக்கிளாய் தொடக்கம் நாயாறு, அளம்பில், முல்லைத்தீவு வரையுள்ள கரையோரத்திற் கமமும் கடற்றொழிலும் ஒரே குடும்பத்திற் கலந்து நடப்பதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். காலபோக நெல் மாசி, பங்குனி மாதங்களில் வெட்டி முடிகின்றது. வாடைக்காற்று ஓய்ந்து கிழக்குக் கடல் அமைதி அடைவதும் ஏறக்குறைய அக்காலத்திலேதான். ஆகவே, கையிற் சிறிது பணமும், வீட்டில் வேலையற்ற இரண்டொரு கைகளும் இருக்கும்போது, ஒரு பழைய வள்ளத்தை வாங்கி மீன்பிடித்தால் என்ன என்ற எண்ணம் உண்டாவது இயல்பே. அந்த எண்ணத்தை நான் குறை கூற வரவில்லை. குடும்பத்துக்கு நல்ல உணவும் சிறு வருமானமும் கிடைக்குமாயின் அது நன்மையே. அவ்வாறு வாங்கும் வள்ளம் எப்படிப்பட்டதாய் இருக்க வேண்டும் என்பதையே இன்று சொல்ல விரும்புகின்றேன்.

நான் இதைப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைத்தல் முறையன்று. 2023ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் 3 ஏக்கர் வயலுடைய கமக்காரர் ஒருவர் என்னிடம் வந்து, "தம்பி, நீங்கள் படித்தவர். ஒரு வள்ளம் பார்த்திருக்கிறேன். வந்து பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். நானும் சென்றேன். வெள்ளையும் நீலமுமாகப் புதுவண்ணம் பூசிய வள்ளம் அழகாய் நின்றது. நான் அதைச் சுற்றி வந்தேன். தட்டிப் பார்க்கவில்லை, இயந்திரத்தை அசைத்துப் பார்க்கவில்லை. "நன்றாய்த்தான் இருக்கிறது, வாங்கலாம்" என்று சொல்லிவிட்டேன். நெற்பயிரின் மடலழுகலை ஓர் இலையிற் கண்டுபிடிக்கத் தெரிந்த எனக்கு வள்ளத்தின் அழுகலைக் காணத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் நாணினேன்.

ஐந்தாவது கிழமை அவரும் அவர் மூத்த மகனும் கரையிலிருந்து சுமார் இரண்டு மைல் தொலைவில் நின்றபோது, இயந்திரம் மாட்டியிருந்த பின்பலகை கழன்று விழுந்தது. இயந்திரம் கடலுள் மறைந்தது. திறந்த பின்புறத்தால் நீர் ஏறிற்று. வள்ளம் செங்குத்தாய் நின்று, அணியம் மாத்திரம் நீருக்கு மேலே தெரிந்தது. தந்தையும் மகனும் ஒரு வெறும் மண்ணெண்ணெய்க் கலனையும் அணியத்தையும் பற்றிக்கொண்டு மூன்று மணி நேரம் கிடந்தார்கள். வேறொரு வள்ளத்தார் கண்டு அவர்களை மீட்டார்கள். பின்னர் நான் அந்தப் பின்பலகையைப் பார்த்தேன். வண்ணத்துக்கும் கண்ணாடிநாருக்கும் உள்ளே இருந்த மரம், மழையில் நனைந்து மக்கிய வைக்கோல் போலக் கையோடு வந்தது. அக்கமக்காரர் என்னை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரும் பாரமாயிற்று. அன்று தொடக்கம் கரையில் வள்ளம் திருத்தும் அனுபவசாலிகளிடம் ஓய்வு நாட்களிற் சென்று கேட்டும், பார்த்தும், கையால் தட்டியும் அறிந்தவற்றையே இங்கே கூறுகின்றேன்.

எதற்காக வாங்குகின்றீர்கள்?

வள்ளத்தைப் பார்க்கப் போகுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை தேடிக்கொள்ளுங்கள். எங்கே தொழில் செய்யப் போகின்றீர்கள்? எத்தனை பேர் ஏறப் போகின்றீர்கள்? எந்த மாதங்களிற் செல்லப் போகின்றீர்கள்?

களப்பில் ஓடும் தட்டையான சிறு தோணி களப்புக்கே உரியது. அதைக் கொண்டு கடலில் இறங்குதல் கூடாது. கரையோரக் கடலில் இருவர் அல்லது மூவர் தொழில் செய்வதற்கு, நம் கடற்கரைகளிற் பெருவழக்காயுள்ள சுமார் 18 அடி நீளக் கண்ணாடிநார் வள்ளம், அதாவது "பைபர் வள்ளம்" என்று நாம் சொல்வது, போதுமானது. அதனிற் சிறியதை விலை மலிவு கருதி வாங்காதீர்கள். அதனிற் பெரியதை வாங்கினால் எரிபொருட் செலவு மிகும். கரைக்கு இழுக்க ஆட்களும் வேண்டும்.

எரிபொருள் என்றவுடன் ஒன்றை நினைவூட்ட வேண்டும். 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அப்போது பெரிய இயந்திரம் வைத்திருந்த பலர் தொழிலுக்குப் போகவே முடியாமல் நின்றார்கள். ஆதலால், தேவைக்கு மிஞ்சிய குதிரைவலுவை நாடாதீர்கள். வள்ளத்துக்கு மிஞ்சிய பாரமுள்ள இயந்திரம் பின்புறத்தைத் தாழ்த்தி, அலை ஏறுவதற்கும் வழி செய்யும்.

எப்போது பார்ப்பது?

பெரும்பாலோர் அறுவடைப் பணம் கைக்கு வந்த அன்றே வள்ளம் தேடப் புறப்படுகின்றனர். அப்போது கடலும் திறந்திருக்கும்; வாங்குவோரும் பலராயிருப்பர்; விலையும் ஏறியிருக்கும்; நிதானமாய்ப் பார்ப்பதற்கு நேரமும் இராது. கார்த்திகை முதல் தை வரை வாடைக்காலத்தில் வள்ளங்கள் கரையில் ஏற்றிக் கிடக்கும். அடிப்புறத்தை நன்கு பார்க்கத் தக்க காலம் அதுவே. அப்போது மூன்று, நான்கு வள்ளங்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பங்குனியிற் கடல் அமைதியடைந்த பின் ஓட்டிப் பாருங்கள். ஓட்டிப் பார்த்த பின்னரே பணத்தைக் கொடுங்கள். முற்பணம் கொடுக்க நேர்ந்தால், ஓட்டத்திற் குறை கண்டால் திருப்பித் தருவதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடிப்புறத்தைச் சோதித்தல்

வள்ளத்திலுள்ள வலை, கலன், பலகை யாவற்றையும் இறக்கி, உள்ளும் புறமும் நன்னீரால் கழுவி உலரவிடச் சொல்லுங்கள். கழுவ விரும்பாத உரிமையாளரின் வள்ளத்தை நீங்களும் விரும்ப வேண்டா. விற்பதற்கென்று புதிதாய் வண்ணம் பூசிய வள்ளத்தை இருமடங்கு கவனத்தோடு பாருங்கள். குளக்கட்டிற் கசிவு இருக்கும் இடத்தைப் புல் மறைப்பது போல, வள்ளத்தின் வெடிப்பை வண்ணம் மறைக்கும்.

முதலாவதாக, ஏரா என்னும் அடிமுதுகைப் பாருங்கள். மணலில் இழுத்து இழுத்து அது தேய்ந்திருக்கும். நார் வெளியே தெரிந்தால் அவ்விடத்தால் நீர் உட்புகுந்து கொண்டிருக்கின்றது என்பது பொருள். தேய்வு சிறிதாயின் திருத்தலாம். திருத்தும் செலவை விலையிற் கழியுங்கள்.

இரண்டாவதாக, ஒரு சிறு மரச்சுத்தியலாலோ கத்திப் பிடியாலோ அடிப்புறம் முழுவதையும் ஒரு சாண் இடைவெளியில் மெதுவாய்த் தட்டிக்கொண்டு வாருங்கள். நல்ல இடம் "டக்கு டக்கு" என்று தெளிவாய் ஒலிக்கும். நார்ப் படைகள் ஒன்றைவிட்டொன்று பிரிந்த இடம் மந்தமாய் ஒலிக்கும். அவ்வாறான இடங்களைக் கரித்துண்டால் வட்டமிட்டு வையுங்கள். சுற்றி முடித்தபின் எத்தனை வட்டங்கள் என்று பார்த்தால் வள்ளத்தின் வரலாறு உங்களுக்கு விளங்கிவிடும்.

மூன்றாவதாக, பக்கச்சுவரை உள்ளங்கையால் அழுத்துங்கள். அடித்தளத்தை முழங்காலால் அழுத்துங்கள். தகரம் போல உள்ளே அமிழ்ந்து வெளியே வருமாயின் சுவர் மெல்லியது. அல்லது உள்ளே தாங்கும் கட்டைகள் விட்டுப் போயின. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஏற்பட்ட கடற்கோளின் பின்னர், இழந்த வள்ளங்களுக்கு ஈடாகக் குறுகிய காலத்திற் பெருந்தொகையான வள்ளங்கள் கட்டப்பட்டன. அவற்றுள் நல்லவையும் உண்டு. அவசரத்தில் மெல்லியதாய்க் கட்டப்பட்டவையும் உண்டு. அவை இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஆகவே, கட்டிய ஆண்டைக் கேட்டறியுங்கள்.

நான்காவதாக, வெடிப்புகளைப் பாருங்கள். மேற்பூச்சில் மாத்திரம் உள்ள மயிரிழை போன்ற கோடுகள் பெரும்பாலும் அபாயமற்றவை. ஆனால், ஓரிடத்திலிருந்து சிலந்தி வலை போலப் பல திசையும் ஓடும் கோடுகள் அவ்விடம் அடிபட்டதைக் காட்டும். அணியத்திலும், பின்பலகையின் இரு மூலைகளிலும், குறுக்குப் பலகைகள் பக்கச்சுவரோடு சேரும் இடங்களிலும் இத்தகைய கோடுகளைத் தேடுங்கள். உட்புறத்திலும் அதே இடத்தில் வெடிப்பு இருந்தால் அவ்வள்ளத்தை விட்டுவிடுங்கள். நீருக்குள் நிற்கும் பாகத்திற் கொப்புளங்கள் இருந்து, அவற்றைக் குத்தும்போது புளித்த நாற்றமுள்ள நீர் வருமாயின், சுவருக்குள்ளே நெடுங்காலம் நீர் ஊறியிருக்கின்றது.

மரவள்ளமாயின் கூரிய கத்தி நுனியால் பலகைகளையும் வங்குகளையும் குத்திப் பாருங்கள். நல்ல மரம் நுனியைத் தடுக்கும். அழுகிய மரம் விழுங்கும். ஊசித் துளை போன்ற துவாரங்கள் இருந்தால் கடற்புழு உள்ளே குடைந்திருக்கக்கூடும். வெளியே சிறு துளையாய்த் தோன்றினாலும் உள்ளே மரம் தேன்கூடு போலாகியிருக்கும். ஆணிகள் துருவேறிப் பலகையில் கறை படிந்திருக்கின்றதா என்றும், கலப்பத்து விட்டுப் போயிருக்கின்றதா என்றும் பாருங்கள்.

பின்பலகையே உயிர்நிலை

இதை நான் தனியே சொல்வதன் காரணத்தை நீங்கள் அறிவீர்கள். கண்ணாடிநார் வள்ளங்களின் பின்பலகைக்கு உள்ளே பெரும்பாலும் மரம் அல்லது ஒட்டுப்பலகை வைத்து, அதன்மேல் நார் போர்த்தியிருப்பர். இயந்திரத்தை இறுக்கும் ஆணித் துளைகளால் நீர் உட்சென்று மரத்தை அழுகச் செய்யும். வெளியே ஒன்றும் தெரியாது.

சோதிக்கும் முறை இதுவாகும். இயந்திரம் பூட்டியிருக்கையில் அதன் கீழ்க்காலைப் பிடித்து மேலும் கீழுமாகப் பலமாய் அசையுங்கள். வேறொருவர் பின்பலகையைக் கூர்ந்து பார்க்கட்டும். பலகை வளைந்தாலும், மூலைகளிற் கோடு விரிந்தாலும் அது பழுதடைந்தது. பின்னர் இயந்திரத்தைக் கழற்றி, பலகையை மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். ஒலி மந்தமானால் ஐயம் கொள்ளுங்கள். உரிமையாளரின் சம்மதத்தோடு கீழேயுள்ள ஆணி ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். துளையிலிருந்து கபில நிற நீர் கசிந்தாலும், ஆணியோடு மக்கிய மரத்தூள் வந்தாலும் அதற்குமேற் சாட்சி வேண்டியதில்லை. பின்பலகையைப் புதிதாய் வைக்கலாம். ஆனால், அது வேலை தெரிந்தவர் செய்ய வேண்டிய செலவுமிக்க வேலை. "மேலே ஒரு பூச்சுப் பூசினால் போதும்" என்று சொல்வாரை நம்பாதீர்கள்.

பலகை எவ்வளவு நன்றாயிருப்பினும், இயந்திரத்தை ஒரு தடித்த கயிற்றாலோ சங்கிலியாலோ வள்ளத்தின் உட்புறத்தோடு தனியே கட்டி வையுங்கள்.

மூழ்காமல் மிதக்கும் வள்ளம்

நீர் நிறைந்தாலும் மூழ்காத வள்ளமே குடும்பத்துக்கு ஏற்றது. கண்ணாடிநார் நீரிலும் கனமானது. மரத்தைப் போல அது தானே மிதக்காது. ஆகவே, காற்றடைத்த அறைகளோ, நுரைப்பொருள் நிரப்பிய அறைகளோ வள்ளத்துக்கு இருத்தல் வேண்டும். அணியத்தில் மாத்திரம் அவ்வறை இருந்தால், நீர் நிறைந்ததும் வள்ளம் செங்குத்தாய் நிற்கும். தந்தையும் மகனும் பற்றிக்கொண்டிருந்தது அப்படிப்பட்ட வள்ளத்தையே. அணியம், பின்புறம், இரு பக்கங்கள் ஆகிய எல்லா இடங்களிலும் மிதவைப் பொருள் பங்கிட்டு இருந்தால் வள்ளம் நீர் நிறைந்தபோதும் சமமாய்க் கிடக்கும். ஆட்கள் அதனுள்ளேயே இருந்து நீரை இறைக்கவும் கூடும்.

பழைய வள்ளத்தின் நுரைப்பொருள் நீர் உறிஞ்சியிருக்கவும் கூடும். அறையின் மூடியைத் திறந்து கையை விட்டுப் பாருங்கள். அழுத்தும்போது நீர் வழிந்தால் அது மிதவையன்று, சுமையாகும்.

எவ்வளவு மிதவை வேண்டும் என்பதற்கு ஓர் எளிய கணக்குச் சொல்கின்றேன். 250 கிலோ எடையுள்ள வெறும் வள்ளம் நீருள் மூழ்கும்போது அதன் எடை ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகும். அதாவது சுமார் 83 கிலோ. இயந்திரத்துக்கு 40 கிலோ. பற்றிக்கொண்டிருக்கும் மூவரைத் தாங்குவதற்கு 60 கிலோ என வைத்துக்கொள்வோம். மொத்தம் 183 கிலோ. காற்றடைத்த 1 லீற்றர் கொள்ளளவு ஏறக்குறைய 1 கிலோவைத் தாங்கும். ஆகவே, 200 லீற்றர் மிதவை வேண்டும். இறுக்கமாய் மூடிய 20 லீற்றர்ப் பிளாஸ்டிக் கலன்கள் 10 இதற்குப் போதும். அவற்றைக் குறுக்குப் பலகைகளின் கீழே, இரு பக்கச்சுவர்களையும் ஒட்டியும், முன்னும் பின்னுமாகவும் பங்கிட்டு, அசையாதவாறு பலமாய்க் கட்டுங்கள். அவசரமாய்க் கட்டிய கலன் கழன்று தனியே மிதந்து போகும். கட்டி முடித்தபின் முழங்கால் ஆழமுள்ள அமைதியான நீரில், இயந்திரத்தைக் கழற்றி வைத்து, அதற்கு ஈடான பாரத்தைப் பின்புறத்தில் ஏற்றி, வள்ளத்தை வேண்டுமென்றே நீரால் நிரப்புங்கள். பின்னர் இடுப்பளவு நீருக்குத் தள்ளிச் சென்று மூவர் அதைப் பற்றிப் பாருங்கள். விதைநெல்லை உப்புக் கரைசலில் இட்டு மிதப்பது எது, தாழ்வது எது என்று பார்ப்பதைப் போன்றதே இதுவும். இங்கே மிதப்பதுதான் நமக்கு வேண்டியது.

இயந்திரம்

இயந்திரத்தைப் பார்க்கப் போகும் நேரத்தை முன்கூட்டி அறிவித்தால், நீங்கள் வருமுன் அதைச் சூடாக்கி வைத்திருப்பர். சென்றவுடன் இயந்திரத்தின் தலையைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த இயந்திரம் மூன்று, நான்கு இழுவையிற் கிளம்பினால் நன்று. கிளம்பியவுடன் குளிரூட்டும் நீர் சிறு துவாரத்தால் இடையறாது பீச்ச வேண்டும். அது துளித்துளியாய் வந்தால் உட்குழாய்கள் உப்பால் அடைபட்டிருக்கின்றன. கீழ்க்காலிலுள்ள பற்சக்கர எண்ணெயைச் சிறிது இறக்கிப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது. தீப்பொறிக்கட்டைகளைக் கழற்றிப் பாருங்கள். சுழலியைக் கையால் முன்பின்னாக அசைத்து, அச்சில் ஆட்டம் உண்டா என்று கவனியுங்கள். அந்த வகை இயந்திரத்துக்கு உதிரிப் பாகங்கள் உங்கள் ஊருக்குக் கிட்டிய கடையில் கிடைக்கின்றனவா என்றும் விசாரியுங்கள். பாகம் கிடைக்காத நல்ல இயந்திரத்தினும், பாகம் கிடைக்கும் நடுத்தர இயந்திரம் மேலானது.

ஓட்டிப் பார்த்தல்

உரிமையாளரையும் ஏற்றிக்கொண்டு காலை வேளையில், கரை தெரியும் தூரத்துக்குள் ஓட்டிப் பாருங்கள். நீங்கள் வழக்கமாய் ஏற்றவிருக்கும் ஆட்களும் வலையின் பாரமும் ஏற்றப்பட்டிருக்கட்டும். அப்பாரத்தோடு வள்ளத்தின் வாய்விளிம்பு நீர்மட்டத்துக்கு மேலே குறைந்தது ஓரடியாவது இருத்தல் வேண்டும். ஒரு முழம் இருந்தால் நன்று. நிறுத்திய வள்ளத்தில் இருவர் ஒரே பக்கத்துக்கு நகர்ந்து இருங்கள். வள்ளம் சிறிது சாய்ந்து அங்கே நிற்க வேண்டும். எழுந்ததும் உடனே நிமிர வேண்டும். சாய்ந்துகொண்டே போகும் வள்ளம் வலை இழுக்கும்போது கவிழும். அரை மணி நேரம் முழுவேகத்தில் ஓட்டுங்கள். பின்னர் இயந்திரத்தை நிறுத்தி, துடுப்பால் கரையை நோக்கி வலித்துப் பாருங்கள். இயந்திரம் கைவிடும் நாளில் உங்களைக் கரை சேர்ப்பது துடுப்பே. திரும்பி வந்ததும் உள்ளே எவ்வளவு நீர் ஊறியிருக்கின்றது என்று அளந்து பாருங்கள்.

பத்திரங்கள்

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின்கீழ் மீன்பிடி வள்ளங்கள் பதிவு செய்யப்படல் வேண்டும். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடிநார் வள்ளங்களின் பதிவிலக்கம் "ஓ. எப். ஆர். பி." என்னும் எழுத்துகளோடு தொடங்கும். வள்ளத்தில் எழுதியிருக்கும் இலக்கமும் பதிவுப் பத்திரத்திலுள்ள இலக்கமும் ஒன்றாய் இருத்தல் வேண்டும். அவ்வாறே இயந்திரத்திற் பொறித்த இலக்கத்தையும் அதை வாங்கிய பற்றுச்சீட்டோடு ஒப்பிடுங்கள். பொறித்த இலக்கம் சுரண்டப்பட்டிருந்தால் அதைத் தொடவே வேண்டா. பணம் கொடுக்குமுன் உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடம் இலக்கங்களைக் காட்டி விசாரித்து, உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றும் முறையை அறிந்துகொள்ளுங்கள். மீன்பிடி அனுமதிப் பத்திரம் பற்றியும் அவரிடமே கேளுங்கள். காணிக்கு உறுதி பார்ப்பவர் வள்ளத்துக்குப் பத்திரம் பாராதிருத்தல் எவ்வாறு பொருந்தும்?

பணத்தை ஒதுக்கும் முறை

கையிலுள்ள பணம் முழுவதையும் வள்ளத்துக்குக் கொடுத்துவிட்டு, உயிர்காப்பு அங்கிக்குப் பணமில்லை என்று நிற்பவர் பலர். உங்கள் பணத்தில் ஐந்திலொரு பங்கை முதலிலேயே புறம்பாக எடுத்து வையுங்கள். அது பின்வருவனவற்றுக்கு உரியது:

1. ஏறும் ஒவ்வொருவருக்கும் உடலுக்குப் பொருந்திய உயிர்காப்பு அங்கி. அது வள்ளத்திற் கிடந்தால் போதாது. உடலில் இருத்தல் வேண்டும்.

2. இரண்டு துடுப்புகள், நீர் இறைக்க ஒரு பட்டையோ வாளியோ.

3. நங்கூரமும், தொழில் செய்யும் ஆழத்தைப்போல ஐந்து மடங்கு நீளமான கயிறும். 5 பாக ஆழத்துக்கு 25 பாகக் கயிறு.

4. மின்சூள், ஊதுகுழல், முகம் பார்க்கும் கண்ணாடி. கண்ணாடியின் ஒளி பகலில் நெடுந்தூரம் தெரியும்.

5. நீர் புகாத உறையிலிட்ட கைத்தொலைபேசி. ஆளுக்கு 2 லீற்றர் குடிநீர்.

6. மேலதிகத் தீப்பொறிக்கட்டை, இழுகயிறு, சுழலி ஆணி, வேண்டிய சாவிகள்.

எரிபொருளை மூன்று பங்காக்குங்கள். ஒரு பங்கு போவதற்கு; ஒரு பங்கு வருவதற்கு; ஒரு பங்கு எதிர்பாராததற்கு.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். விதைநெல்லை விற்றும், அடுத்த போகத்துப் பசளைக்கும் உழவுக்கும் வைத்த பணத்தை எடுத்தும், மனைவியின் நகையை ஈடு வைத்தும் வள்ளம் வாங்காதீர்கள். கடன்பட்டு வாங்கியவர், கடனைக் கட்ட வேண்டுமே என்று காற்றடிக்கும் நாளிலும் கடலில் இறங்குவார். பல விபத்துகளின் வேர் அங்கேதான் இருக்கின்றது.

காற்றை அறிந்து நடத்தல்

எவ்வளவு நல்ல வள்ளமாயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. 1964ஆம் ஆண்டு டிசம்பரில் வட பகுதியையும், 1978ஆம் ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பையும் தாக்கிய சூறாவளிகளை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். 2020ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையிற் கரையைக் கடந்ததை நாம் யாவரும் கண்டோம். இவை யாவும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் நிகழ்ந்தவை. அப்பருவத்தில் நமக்கு வயலில் வேலை நிறைய உண்டு. ஆகவே, ஐப்பசி பிற்பகுதி முதல் தை வரை சிறு வள்ளத்தை உயரமான இடத்தில் ஏற்றிக் கவிழ்த்துக் கட்டிவிட்டு வயலைக் கவனிப்பதே அறிவுடைமை. மற்றக் காலத்திலும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைக் கேளாமற் புறப்படாதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117 என்பதை வீட்டிலுள்ளோரும் அறிந்திருக்கட்டும். எத்திசை செல்கின்றீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டிற் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். வள்ளம் கவிழ்ந்தால் கரைக்கு நீந்த முயலாதீர்கள். வள்ளத்தைப் பற்றிக்கொண்டே இருங்கள். தேடி வருவோர் கண்ணுக்கு மனிதத் தலையிலும் வள்ளம் எளிதிற் புலப்படும்.

தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உயிர்காப்பு அங்கியை ஆணியில் மாட்டிவிட்டுப் புறப்படுபவரை வாசலிலேயே மறித்து நிறுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு. அதைத் தயங்காது உபயோகியுங்கள்.

முடிவுரை

நான் முதலிற் சொன்ன கமக்காரர் அதன்பின் ஒரு போகம் முழுவதும் கடல் பக்கம் போகவில்லை. 2025ஆம் ஆண்டு தை மாதத்தில் மீண்டும் என்னிடம் வந்தார். "தம்பி, இன்னொரு வள்ளம் பார்த்திருக்கிறேன், வாருங்கள்" என்றார். என்னை ஏன் மறுபடியும் அழைக்கின்றீர்கள் என்று கேட்டேன். "முதலில் நாமிருவரும் தெரியாமற் பார்த்தோம். இப்போது தெரிந்து பார்ப்போம்" என்றார். இரு வள்ளங்களைத் தட்டிப் பார்த்துக் கைவிட்டோம். ஒன்றின் பின்பலகை ஆடியது. மற்றதன் பத்திரத்தில் இலக்கம் ஒத்துவரவில்லை. மூன்றாவது வள்ளத்தின் வண்ணம் மங்கியிருந்தது. பார்வைக்கு அது மூன்றிலும் அழகற்றது. ஆயினும் அதன் ஒலி எங்கும் தெளிவாயிருந்தது. பங்குனியில் ஓட்டிப் பார்த்து அதையே வாங்கினார். மிதவைக் கலன்களை அவர் மகன் தன் கையாலேயே கட்டினான்.

கமக்கார நண்பர்களே, மாடு வாங்கும்போது பல்லைப் பார்க்கின்றோம், சுழியைப் பார்க்கின்றோம், நடத்திப் பார்க்கின்றோம். வள்ளம் வாங்கும்போதும் அவ்வளவு பொறுமை வேண்டும். நன்றாய்த் தட்டிப் பாருங்கள், அசைத்துப் பாருங்கள், நீர் நிரப்பிப் பாருங்கள், ஓட்டிப் பாருங்கள், பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். ஐயம் உண்டானால் வாங்காது திரும்புங்கள். வள்ளம் இன்னொன்று கிடைக்கும். உங்களுக்குத் தெரியாத விடயத்தைத் தெரிந்தவரிடம் கேளுங்கள். எங்களைப் போன்ற உத்தியோகத்தர் "நன்றாய்த்தான் இருக்கிறது" என்று சொன்னால், "எதைப் பார்த்துச் சொல்கின்றீர்கள்?" என்று எங்களையும் கேளுங்கள்.

வயலும் விளைந்து, கடலுக்குச் சென்றவரும் பொழுது சாயுமுன் சுகமாய் வீடு திரும்ப வேண்டும் என்று விரும்பி என் உரையை முடிக்கின்றேன்.